'கமாண்ட் நாட் ஃபவுண்ட்': ஒரு பதிலின் பூர்வீகம்

லினக்ஸ் லேபில் முதல் வாரத்திலேயே அந்தப் புகார் வந்துவிடும். "மேம், இந்த சிஸ்டத்துல அந்த சாஃப்ட்வேரே இல்ல மேம்." எழுந்து போய்ப் பார்த்தால் திரையில் 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' என்று நிற்கும். பாலிடெக்னிக் ஒன்றின் கம்ப்யூட்டர் லேபை வெகுகாலம் கட்டி மேய்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்: அந்தப் புகார்களில் பாதிக்கு மேல், சாஃப்ட்வேர் அந்த மெஷினிலேயேதான் இருந்தது. பெருங்காய டப்பாவை எடுத்து வா என்றால் ஒரே ஒரு தட்டைப் பார்த்துவிட்டு "இல்லம்மா" என்று அங்கிருந்தே கத்தும் பையன் இருக்கிறானே, நாம் அடிக்கும் கமாண்டுக்கான புரோகிராமைத் தேடி ஓட்டும் ஷெல் அவனுடைய ஜாதி. எந்தெந்தத் தட்டுகளைப் பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது என்பது அதற்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் தட்டுகள் அங்கே வந்ததற்கு ஐம்பது வருடத்துக்கு மேற்பட்ட கதை உண்டு. பிள்ளைகள் உடனே இன்ஸ்டால் செய்யத் தாவுவார்கள். நான் கதையை ஆரம்பிப்பேன்.

1971-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம், மரே ஹில். பெல் லேப்ஸில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் லினக்ஸின் முன்னோடியான தங்கள் யூனிக்ஸை பிடிபி-11/20 என்ற மெஷினுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அதன் மெமரி 24 கிலோபைட். டிஸ்க் அரை மெகாபைட்; இன்று போனில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. அதை வைத்துக்கொண்டு அலுவலகத்தின் பேடன்ட் பிரிவுக்கு டைப்பிங் வேலையும் செய்து கொடுத்தார்கள். அந்த வேலையைச் சொல்லித்தான் மெஷின் வாங்கவே பணம் கிடைத்தது.

அப்போது ஷெல் ஒரு புரோகிராமை எப்படித் தேடியது என்பதை 1974 ஜூலையில் ரிச்சியும் தாம்சனும் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் அடித்த பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறதா என்று ஷெல் முதலில் பார்க்கும், அதாவது நீங்கள் நிற்கிற டைரக்டரியிலேயே. இல்லையென்றால் பெயருக்கு முன்னால் '/பின்/' என்று ஒட்டி இன்னொரு முறை பார்க்கும். அவ்வளவுதான் தேடல். எல்லோருக்கும் பொதுவான கமாண்டுகள் '/பின்' என்ற ஒரே இடத்தில் இருந்தன. அங்கேயும் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று ஷெல் சொன்னால் அந்தக் காலத்தில் அது ஏறக்குறைய உண்மை.

ஆனால் டிஸ்க் சின்னது. கமாண்டுகள் கூடிக்கொண்டே போயின. முதல் டிஸ்க்கில் இடம் தீர்ந்தபோது, ஆட்களின் சொந்த டைரக்டரிகள் இருந்த இன்னொரு டிஸ்க்கில் மீதியைக் கொண்டுபோய் வைத்தார்கள். அந்த டிஸ்க்கின் பெயர் '/யூஎஸ்ஆர்'. கென்னின் வீடு அங்கே, டென்னிஸின் வீடு அங்கே. அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் '/யூஎஸ்ஆர்/பின்' என்று ஒரு கிடங்கும் முளைத்தது. ஆழ்ந்து யோசித்துப் போட்ட திட்டம் எதுவும் இல்லை, இடம் போதவில்லை. பின்னாளில் வந்தவர்கள் இந்தப் பிரிவினைக்கு விதவிதமான தத்துவங்கள் எழுதினார்கள். மெஷின் பூட் ஆக அவசியமானவை ஒரு பக்கம், மற்றவை மறுபக்கம் என்று பாடப்புத்தகங்களிலும் போட்டார்கள். நானும் அதைத்தான் படித்தேன், தேர்விலும் எழுதினேன்.

1975-இல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸின் ஷெல் கோடைப் பிரித்துப் பார்த்தால் இந்த இரண்டு இடங்களும் அப்படியே தெரியும். பிள்ளைகளுக்கு போர்டில் எழுதிக் காட்டுவேன். '/யூஎஸ்ஆர்/பின்/' என்று ஒரே ஒரு சரம். அதன் வாலில் நீங்கள் அடித்த கமாண்டின் பெயரை ஒட்டிக்கொள்கிறது ஷெல். பிறகு அந்தச் சரத்தை முதல் எழுத்திலிருந்து படிக்காமல், நான்கு எழுத்து தள்ளிப் படிக்கிறது. சாய்கோடு, யூ, எஸ், ஆர் என்ற நான்கும் கழிந்தால் மிஞ்சுவது '/பின்/' என்று தொடங்கும் முகவரி! அங்கே கிடைக்கவில்லையா, அதே சரத்தை இப்போது முதலிலிருந்து படி, '/யூஎஸ்ஆர்/பின்/' வந்துவிடும். ஒரு சரத்தில் இரண்டு முகவரி. மெமரியை மிச்சம் பிடித்துப் பழகிய கை எழுதியது என்று பார்த்த உடனே தெரியும். இரண்டிலும் இல்லையென்றால் பெயரை அச்சிட்டு, ஒரு முக்காற்புள்ளி வைத்து, 'நாட் ஃபவுண்ட்' என்று முடித்துவிடும். 'கமாண்ட்' என்ற சொல் அதில் கிடையாது. அதைச் சேர்த்தது பிறகு கலிபோர்னியாவின் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்.

இந்த ஏற்பாட்டில் ஒரு சங்கடம் உண்டு. தேட வேண்டிய இடங்கள் ஷெல்லின் கோடுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தன. மூன்றாவதாக ஓரிடம் வேண்டுமென்றால் ஷெல்லையே மாற்ற வேண்டும். பெல் லேப்ஸில் ஜான் மாஷி என்பவர் தன்னுடைய ஷெல்லில் இந்தப் பட்டியலை பயனாளர் கைக்குக் கொண்டுவந்தார். 1979-இல் ஏழாம் பதிப்போடு வந்த ஸ்டீஃபன் பார்னின் ஷெல் அதற்கு இன்றைய உருவம் கொடுத்தது: 'பாத்' என்ற பெயர், இடங்களுக்கு நடுவே முக்காற்புள்ளி. அதன் ஆரம்ப மதிப்பு ஒரு முக்காற்புள்ளியோடு தொடங்கும், அதன் பின் '/பின்', மீண்டும் முக்காற்புள்ளி, '/யூஎஸ்ஆர்/பின்'. முதல் முக்காற்புள்ளிக்கு முன்னால் வெறுமை. அந்த வெறுமைக்கு 'நீ நிற்கிற டைரக்டரி' என்று அர்த்தம். தாம்சனின் பழைய வழக்கம் அப்படியே தொடர்ந்தது.

லேபில் முதலில் அடிக்கச் சொல்லும் வரி இதனால்தான் 'எக்கோ டாலர் பாத்'. ஷெல் எங்கெல்லாம் போகும் என்று அதன் வாயாலேயே கேட்டுவிடலாம்.

இதே பாத்தை வைத்து ஒவ்வொரு பேட்சிலும் ஒருவராவது ஒரு கூத்து செய்வார்கள். புது இடம் ஒன்றைச் சேர்க்கப் போய், பழைய பட்டியலை ஒட்டாமல் புதியதை மட்டும் எழுதிவிடுவார்கள். அடுத்த நிமிடம் 'எல்எஸ்' இல்லை, 'கேட்' இல்லை, 'மேன்' இல்லை. "மேம், எல்லாமே டெலீட் ஆயிடுச்சு மேம்!" அழாத குறை. பதறாதே, 'சிடி' அடித்துப் பார் என்பேன். வேலை செய்யும். 'எக்கோ' அடித்து ஒரு இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போடு. டைரக்டரியில் இருக்கிற பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்து விழும். பயம் பாதி போய்விடும். பிறகு '/பின்/எல்எஸ்' என்று முழு முகவரியோடு அடித்தால் மீதியும் போய்விடும்.

'சிடி' ஏன் பிழைத்தது? அதற்குள்ளே இன்னும் பழைய கதை இருக்கிறது. பிடிபி-7 என்ற முதல் மெஷினில் டைரக்டரி மாறும் கமாண்ட் மற்றவற்றைப் போலத் தனிப் புரோகிராமாகத்தான் இருந்தது. பிறகு 'ஃபோர்க்' வந்தது: ஷெல் தன்னை நகலெடுத்து, அந்தப் பிள்ளை புராசஸில் புரோகிராமை ஓட்டும் முறை. அது வந்த உடனே டைரக்டரி மாறும் கமாண்ட் படுத்துவிட்டது. கோடைத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்ததை ரிச்சி தன் நினைவுக் கட்டுரையில் எழுதியிருக்கிறார். காரணம் எளிது. கமாண்ட் ஒழுங்காகத்தான் ஓடியது; பிள்ளை புராசஸை வேறு டைரக்டரிக்குக் கூட்டிப் போனது; பிள்ளை அங்கேயே முடிந்துபோனது. தாய் ஷெல் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. அன்றிலிருந்து அந்த வேலையை ஷெல்லே தன் உள்ளே வைத்துக்கொண்டது. பாத்தில் தேடவே தேவையில்லாத கமாண்ட் என்ற வகை இப்படித்தான் பிறந்தது.

நிற்கிற டைரக்டரியில் முதலில் தேடும் பழைய வழக்கம் எங்கே போனது என்றும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. டாஸ் பழகி வந்தவர்களுக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும். டாஸில் நிற்கிற இடம்தான் முதல் இடம், அங்கேயும் பாத்திலும் கிடைக்காவிட்டால்தான் 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்' என்று வையும். யூனிக்ஸ் ஒரே மெஷினைப் பலர் பகிரும் ஊர். எல்லோரும் எழுதக்கூடிய '/டெம்ப்' டைரக்டரியில் ஒருவன் 'எல்எஸ்' என்ற பெயரில் விஷமம் ஒன்றை வைத்துவிட்டுக் காத்திருந்தால் போதும். அங்கே வந்து 'எல்எஸ்' அடிக்கிற அட்மின், தன் அதிகாரத்தோடு அந்த விஷமத்தை ஓட்டிவிடுவார். அதனால் அந்த வெறுமையை முதலில் பட்டியலின் கடைசிக்குத் தள்ளினார்கள், பிறகு அடியோடு எடுத்தார்கள். சி புரோகிராமை கம்பைல் செய்துவிட்டு 'ஏ டாட் அவுட்' என்று மட்டும் அடிக்கிற பிள்ளைக்கு 'நாட் ஃபவுண்ட்' வருவது இதனால்தான். முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் போட வேண்டும். இங்கே இருப்பதைத்தான் கேட்கிறேன் என்று வெளிப்படையாகச் சொல்வது அது.

பெர்க்லிக்காரர்கள் தங்கள் பங்குக்குக் கதையைச் சிக்கலாக்கினார்கள். சி ஷெல் ஒவ்வொரு முறையும் டிஸ்க்கைத் துழாவாமல் இருக்க, லாகின் ஆகும்போதே எந்த டைரக்டரியில் எந்தப் பெயர் என்று ஓர் அட்டவணை போட்டு வைத்துக்கொண்டது. வேகம் கிடைத்தது. அதோடு ஒரு புது நோயும் வந்தது: லாகின் ஆனபின் இன்ஸ்டால் செய்த புரோகிராம் 'எல்எஸ்'ஸில் தெரியும், கூப்பிட்டால் வராது. 'ரீஹாஷ்' என்று அடித்தால்தான் வரும். லேபில் இருக்கும் பாஷ் ஷெல்லும் இதை வேறு விதமாக வைத்திருக்கிறது. ஒரு முறை கண்டுபிடித்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளும். அந்த ஃபைலை நீங்கள் வேறிடத்துக்கு மாற்றினால் பழைய விலாசத்துக்கே போய் நின்று 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று திரும்பும். 'ஹாஷ்' அடித்து 'மைனஸ் ஆர்' போட்டால் மறந்துவிடும்.

டைரக்டரிகளும் பெருகின. பெர்க்லியிலிருந்து வந்தவற்றுக்கு '/யூஎஸ்ஆர்/யூசிபி', உள்ளூரில் சேர்த்தவற்றுக்கு '/யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்', அட்மின் வேலைகளுக்கு '/எஸ்பின்'. சன் மைக்ரோசிஸ்டம்ஸின் சோலாரிஸில் 'மேக்' கமாண்டைத் தேடி '/யூஎஸ்ஆர்/சிசிஎஸ்/பின்' வரை போக வேண்டியிருந்தது. அதே சோலாரிஸ் 2-இல் சி கம்பைலரைத் தனியாக விலை வைத்து விற்றார்கள். ஆனால் '/யூஎஸ்ஆர்/யூசிபி'யில் 'சிசி' என்ற பெயரில் ஒன்று இருந்தது. கூப்பிட்டால் வரும், வந்து, மொழிக்கான கூடுதல் பேக்கேஜ் இன்ஸ்டால் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போகும். இல்லாத புரோகிராமுக்குப் பதில் சொல்ல ஒரு புரோகிராம். இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்த ஜந்து அதுதான்.

'/எஸ்பின்' நம் ஊர்ப் பிள்ளைகளையும் விடவில்லை. 2011-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் டெபியனை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. அதில் ஐபி முகவரி பார்க்க 'இஃப்கான்ஃபிக்' அடித்தால் சாதாரணப் பயனாளருக்குக் கிடைக்காது. '/எஸ்பின்' அவருடைய பாத்தில் இல்லை. 'சாய்கோடு எஸ்பின் சாய்கோடு இஃப்கான்ஃபிக்' என்று முழுசாக அடித்தால் வந்துவிடும். 2019-இல் டெபியன் 10 வந்தபோது கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. வெறும் 'எஸ்யூ' அடித்து 'ரூட்' என்ற அட்மின் ஆனாலும் பழைய பாத்தே ஒட்டிக்கொண்டு வரும்படி ஆகிவிட்டது. ரூட்டாக இருந்துகொண்டே ரூட்டின் கமாண்டுகள் கிடைக்கவில்லை என்று அனுபவசாலிகளே திகைத்தார்கள். 'எஸ்யூ'வுக்குப் பின் ஒரு கோடு போட்டால் சரியாகும். இதற்கு நடுவில் 'இஃப்கான்ஃபிக்' இருக்கும் 'நெட்-டூல்ஸ்' பேக்கேஜையே பல லினக்ஸ்கள் தாமாக இன்ஸ்டால் செய்வதை நிறுத்திவிட்டன. அங்கே 'இல்லை' என்றால் நிஜமாகவே இல்லை, 'ஐபி' கமாண்டுக்கு மாற வேண்டும். அதனால்தான் பார்க்காமல் எதையும் சொல்லாதே என்பேன்.

இதைவிடக் குழப்பமான வகை ஒன்று உண்டு. ஃபைல் கண்முன்னே இருக்கிறது. முழு விலாசமும் கொடுத்தாகிவிட்டது. ஓட்ட அனுமதியும் இருக்கிறது. ஆனாலும் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி'. 1980 ஜனவரியில் ரிச்சி ஒரு வசதியை அறிவித்தார்: ஸ்கிரிப்டின் முதல் வரியில் ஹாஷும் ஆச்சரியக்குறியும் போட்டு, அதை ஓட்ட வேண்டிய புரோகிராமின் முகவரியை எழுதினால் கெர்னலே அதைக் கூப்பிட்டுக்கொள்ளும். அருமையான வசதி. ஆனால் அந்த முகவரியில் ஆள் இல்லையென்றால், காணோம் என்று கெர்னல் சொல்வது யாரை என்று தெரியாது. விண்டோஸ் நோட்பேடில் எழுதி பென்டிரைவில் கொண்டுவந்த ஸ்கிரிப்டுகளில் இது சாதாரணம். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைக் கூடுதலாக வைக்கும். 'பாஷ்' என்பது வாலில் ஒரு எழுத்து ஒட்டிய வேறொரு பெயராகிவிடும், அந்தப் பெயரில் யாரும் இல்லை. 64 பிட் சிஸ்டத்தில் பழைய 32 பிட் புரோகிராமை ஓட்டினாலும் இதே வரி வரும்; அங்கே காணாமல் போனது அதற்கான லோடர். 'ஃபைல்' என்ற கமாண்டை அந்த ஃபைல் மீது ஓட்டினால் இரண்டு ரகசியமும் வெளியே வந்துவிடும்.

பிழையோடு ஷெல் திருப்பித் தரும் எண்ணையும் பார்க்கப் பழக்குவேன். 'எக்கோ டாலர் கேள்விக்குறி' அடித்தால் 127 வரலாம், 126 வரலாம். 127 என்றால் கிடைக்கவே இல்லை. 126 என்றால் கிடைத்தது, ஓட்ட முடியவில்லை. பாசிக்ஸ் தரநிலை வகுத்த பாகுபாடு. 126-க்குப் பெரும்பாலும் 'சிஎச்மாட்' போதும். புதிதாக இன்ஸ்டால் செய்ய எதுவுமில்லை.

2007 ஏப்ரலில் வந்த உபுண்டு 7.04-இல் ஷெல்லின் பேச்சே மாறியது. இந்தப் புரோகிராம் இன்ஸ்டால் ஆகவில்லை, இந்தப் பேக்கேஜில் இருக்கிறது, இந்த வரியை அடித்தால் வந்துவிடும் என்று சொல்லித்தர ஆரம்பித்தது. 2009-இல் பாஷ் 4.0 இதற்கான கதவை முறையாகவே திறந்து கொடுத்தது. பாராட்ட வேண்டிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் ஷெல் சொன்னதை அப்படியே அடிக்கிற பழக்கம் பிள்ளைகளிடம் வந்ததும் அப்போதுதான். 'எல்எஸ்'ஸைத் தடுமாறி 'எஸ்எல்' என்று அடித்தவன், உபுண்டு சொன்ன வரியையும் அடித்தான்; அடுத்த முறை தடுமாறியபோது திரையில் புகை கக்கிக்கொண்டு ஒரு ரயில் ஓடியது. 1993-இல் ஜப்பானின் டொயோடா மசாஷி, இப்படித் தடுமாறுகிறவர்களுக்காகவே எழுதிய புரோகிராம் அது. நடுவில் நிறுத்தவும் விடாது. லேபே எழுந்து நின்று பார்த்தது.

பழைய பிரிவினைகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. 2012-இல் ஃபெடோரா 17, '/பின்'னை '/யூஎஸ்ஆர்/பின்'னோடு சேர்த்துவிட்டது. டெபியன் நீண்ட சண்டைக்குப் பிறகு 2023-இல் 12-ஆம் பதிப்பில் அதே இடத்துக்கு வந்தது. டெபியனில் இன்னொரு சண்டையும் நடந்தது. புரோகிராம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் 'விச்' கமாண்டையே எடுத்துவிடலாம் என்று 2021-இல் முயன்றார்கள். அது பெர்க்லியில் சி ஷெல் ஸ்கிரிப்டாகப் பிறந்தது. எந்தத் தரநிலையிலும் இல்லாதது. ஷெல் உண்மையில் என்ன செய்யும் என்று அதற்குத் தெரியாது. 'டைப்' அல்லது 'கமாண்ட் மைனஸ் வி' கேட்பதுதான் சரி என்பது அவர்கள் கட்சி. விஷயம் சரிதான். ஆனால் 'விச்'சை அடித்தபோதெல்லாம் ஓர் எச்சரிக்கை வர ஆரம்பித்து, அதனால் பலருடைய பில்டுகள் உடைந்தன. தொழில்நுட்பக் குழு தலையிட்டு 'விச்' இருக்கட்டும் என்றது. நான் வகுப்பில் 'டைப்' சொல்லித்தருகிறேன். வீட்டில் விரல் 'விச்'சைத்தான் அடிக்கிறது.

இப்போது வேலைக்குப் போன பழைய பிள்ளைகள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டுகள் வேறு ரகம். எல்லாம் கன்டெய்னருக்குள்ளிருந்து வருகின்றன. 'பிங்' இல்லை, 'பிஎஸ்' இல்லை, ஆல்பைன் என்ற குட்டி லினக்ஸ் என்றால் 'பாஷ்' இல்லை. நான் இத்தனை காலம் சொல்லிக்கொடுத்ததற்கு நேர்மாறு. பாத்தைப் பார், '/எஸ்பின்'னைப் பார் என்றெல்லாம் அங்கே ஆரம்பிப்பதில் பிரயோஜனம் இல்லை. இமேஜ் சின்னதாக இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே எடுத்துவிட்டிருக்கிறார்கள். மறுபடியும் இடப் பஞ்சம்தான். கூகுளின் 'டிஸ்ட்ரோலெஸ்' இமேஜ்களில் ஷெல்லே கிடையாது, இல்லை என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை. ஒரு பெண் அதற்குள் நுழையப் பார்த்து வந்த பிழையை அனுப்பியிருந்தாள். ஷெல்லுக்குப் பதிலாகக் கன்டெய்னரை ஓட்டும் ரன்டைமே வெளியிலிருந்து பதில் சொல்லியிருந்தது: 'எஸ்எச்' என்ற புரோகிராம் 'டாலர் பாத்'தில் கிடைக்கவில்லையாம்.